டோசர் ஜியா ஓடிய ஞாயிற்றுக்கிழமை

என் தங்கை முனவராவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, தங்கியவன் ஜியாவுதீன் ஒருவன்தான். அவளைக் கட்டிய மச்சான் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வெல்டர். அடுத்த வருடம் பெர்மனென்ட் ஆகிவிடும், அதற்கடுத்த வருடம் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே மௌத்தாகிப் போனார். அவர் போய்வந்த கேட் வழியாகவே மகனும் போனான். இவனுக்கு வெல்டிங்கும் தெரியாது. பெல்ட்டுக்கு அடியில் மண் வாருகிற வேலை. சுரங்கத்துக்குள் மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் பெல்ட் ஓடும். ஓடுகிறபோது சிந்தும். சிந்தியதை வாரி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். மறுபடி சிந்தும். அதுதான் வேலை.

உடம்பு எங்கள் அம்மா வழி. அம்மாவின் அண்ணன் காதர் மாமா மாட்டு வண்டியில் ஏறினால் மாடு திரும்பிப் பார்க்குமாம். அந்த உடம்பு எங்கள் யாருக்கும் வராமல், எங்கெங்கோ சுற்றி இவனிடம் வந்து சேர்ந்தது. சுரங்கத்தில் அவனுக்கு டோசர் என்று பெயர். மண் தள்ளுகிற அந்த வண்டிக்கும் இவனுக்கும் ஒரே வேகம் என்று, கூட வேலை பார்க்கிற காடாம்புலியூர் கலியமூர்த்தி வைத்த பெயர் அது.

இந்த ஜியா ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடினான். ஏன் ஓடினான் என்றால் அதற்கு ஆசிஃபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆசிஃபா குறிஞ்சிப்பாடி ஹபீப் முகமதுவின் மகள். ஹபீப் முகமது என் வீட்டுக்காரிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. கைத்தறி லுங்கி வாங்கி விற்கிறவர். பெண் பார்க்கப் போன அன்றைக்கு ஜியா உட்கார்ந்த நாற்காலியின் கால் ஒன்று வளைந்தது. எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. அவள்தான். சிரித்ததற்கு அவள் அம்மா அவளைக் கிள்ளினாள். அந்தச் சிரிப்புக்காகவே ஜியா சரி என்றான்.

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் வடலூரில் ஒரு சினிமாவுக்குப் போனார்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, ஆசிஃபா சொல்லக் கேட்டதுதான். மிட்டாய்க் கடை வைத்திருக்கிற ஒரு குண்டன். அவனை ஒரு பெண் விட்டுவிட்டுப் போகிறாள். அவளைத் திரும்பக் கூட்டிவர அவன் ஓட்டப் பந்தயத்தில் பேர் கொடுக்கிறான். நாய் துரத்துகிறது, கால்சட்டை கிழிகிறது, ஒரு கிழவி அவனை முந்திப் போகிறாள். அவன் முடிக்கிற இடத்துக்கு வரும்போது இருட்டிவிடுகிறது. பந்தல் பிரித்து எல்லோரும் போயாகிவிட்டது. அந்தப் பெண் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். படம் முழுக்கச் சிரித்தவள் அந்த இடத்தில் அழுதாளாம்.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் சொன்னாளாம்:

“கடசியா வந்தாலும் வந்தான் பாருங்க மச்சான். அது போதும்.”

“அவனுக்கு அதுக்குக் காசு குடுத்திருப்பாங்க புள்ள.”

“ஒங்களுக்கு யாராவது காசு குடுத்தாலும் ஓட மாட்டீங்க.”

குவார்ட்டர்ஸ் எல்லாம் பெர்மனென்ட் ஆட்களுக்கு. இவர்கள் மந்தாரக்குப்பத்தில் ஒரு அறையும் சமையல் இடமுமாக வாடகைக்கு இருந்தார்கள். அவன் வேலை விட்டு வர நேரமானால் ஆசிஃபா வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவன் தெருமுனையில் திரும்பியதும், “வந்துட்டாருப்பா கடசி ஆளு” என்று கையைத் தட்டுவாள். நான் ஒருமுறை போயிருந்தபோது கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டின. ஜியா கடைசிப் பத்து அடியை ஓடுகிற மாதிரி செய்துகொண்டு வந்தான். தெரு முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ராஜேந்திரன், “ஆள் கொறையுதுடா, அடுத்த ஷிஃப்டும் நின்னுடு” என்பான். இவன் நிற்பான். பெருநாள் அன்றும் நின்றான். முடியாது என்று சொன்னவர்களின் பேரெல்லாம் மேலே போகிறது, பெர்மனென்ட்டுக்கு ஆள் எடுக்கும்போது கழித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். அவன் அத்தாவுக்கு இருந்த அதே பயம். சுரங்கத்துச் சங்கு ஊதினால் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து கேட் வரைக்கும் கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரும் ஓடுவார்கள். கேட்டில் ஒரு மெஷின். அதில் கட்டைவிரல் வைத்தால்தான் அன்றைய வேலை. பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டோசர் தன் வாழ்நாளில் ஓடியதென்றால் அந்தத் தூரம்தான்.

ஆசிஃபாவுக்கு ஏழாம் மாதம். ஒரு பகல் நேரத்தில் வலி கண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரு லாரி டிரைவர் மூலமாகச் செய்தி கலியமூர்த்திக்கு வந்து, அவன் ஓடிப்போய் ஜியாவிடம் சொன்னான். ஷிஃப்ட் முடியாமல் வெளியே வர வேண்டுமானால் அவுட் பாஸ் வேண்டும். ஜியா ராஜேந்திரனிடம் போய்க் கேட்டான்.

“பொம்பளைங்க பாத்துப்பாங்கடா. நீ போயி இன்னா பண்ணப் போற? பெர்மனென்ட்டுக்கு பேரு போவுற நேரம். ஒன் இஷ்டம், வேணும்னா எழுதித் தரேன்.”

ஒன் இஷ்டம் என்றுதான் சொன்னான். அதைக் கலியமூர்த்தி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். ஜியா கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பிப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

பெண் குழந்தை. உயிரில்லாமல்தான் பிறந்தது. எங்களில் அப்படிப் பிறந்த பிள்ளையைக் காக்க வைக்க மாட்டார்கள். ஆசிஃபாவின் தம்பி தௌஃபீக் வெள்ளைத் துணியில் சுற்றிக் கபரஸ்தானுக்கு எடுத்துக்கொண்டு போனான். அவன் சின்னப் பையன் இல்லை, கல்யாணமானவன்தான். இருந்தாலும் மடியில் அதை வைத்துக்கொண்டு கபரஸ்தான் கேட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “மச்சான் வந்துடட்டும் மாமா, மொகத்த பாக்கட்டும்” என்றான். சாயங்கால அசர் தொழுகை வரைக்கும் பார்த்தோம். அதற்கு மேல் முடியவில்லை. ஜியா வந்து சேர்ந்தபோது நாங்கள் கையைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஆசிஃபா அவனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“மொகத்த பாத்தீங்களா மச்சான்?”

“இல்ல.”

“ஒங்க ஜாடை.”

அந்த வருடம் பெர்மனென்ட்டுக்கு யாரையும் எடுக்கவில்லை.

அவள் குறிஞ்சிப்பாடிக்குப் போனாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வருவாள் என்றிருந்தோம். ஒரு வருடம் ஆயிற்று. முனவரா போய்க் கூப்பிட்டாள், நான் போனேன். “அவுரு மேல கோவம் இல்லைங்க மாமா” என்பாள். டீ போட்டுக் கொடுப்பாள். வரமாட்டாள். கடைசியில் ஜமாத்தில் குலா கேட்டு எழுதிக் கொடுத்தாள். குலா என்றால் மனைவி கேட்டு வாங்குகிற பிரிவு. புருஷன் ஜமாத்தார் முன்னால் சரி என்று வாயால் சொல்லிவிட்டால் முடிந்தது. நெய்வேலிப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து உட்காருவது என்று தேதி வைத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓட்டம். யாரோ ஒரு விளையாட்டு மன்றத்தார் வருடா வருடம் நடத்துகிறது. ஜமாத் தேதி தெரிந்த அன்றைக்கே ஜியா போய்ப் பேர் கொடுத்துவிட்டான். விடியற்காலையில் பிளாக் பிளாக்காக ஓடிப் பழகினான். ரிட்டயர்டு ஆபீசர்கள் வாக்கிங் போகிற ரோடு; அவர்கள் இவனைத் தாண்டிப் போய், திரும்பி வந்து மறுபடியும் தாண்டினார்கள். ஓடுகிற ஷூ இல்லை. இரும்பு முனை வைத்த டியூட்டி ஷூவோடு ஓடினான். கலியமூர்த்தி பைக்கை ஊர விட்டுக்கொண்டு பக்கத்திலேயே வருவான்.

“டோசரு, ஒனக்கு வலிக்குதோ இல்லியோ, ரோட்டுக்கு வலிக்கும்டா.”

“பேசாத. மூச்சு வாங்குது.”

“அந்த நாயப் பாரு. தொரத்தலாம்னு எழுந்துது. ஒன் ஓட்டத்தப் பாத்துட்டு பாவம்னு படுத்துகிச்சி.”

கலியமூர்த்தி கிண்டல் செய்தானே தவிர, கடைசியில் பண்ருட்டிக்குப் போய் ஜியாவின் காலுக்கு ஒரு ஜோடி ஓட்ட ஷூ வாங்கி வந்ததும் அவன்தான்.

சனிக்கிழமை ஜியா தௌஃபீக்குக்குப் போன் போட்டான். “ஒங்கக்காகிட்ட சொல்லு. நாளைக்கி ஓடறேன். கடசியாதான் வருவேன். வந்து நிக்கச் சொல்லு.” அவ்வளவுதான் செய்தி. தௌஃபீக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவிடம் போய் அப்படியே சொல்லியிருக்கிறான். அவள், “காலைல மொத பஸ்ஸு எத்தினி மணிக்கிடா?” என்றாளாம்.

நான் வடலூரிலிருந்து பஸ் ஏறி ஸ்டேடியத்துக்குப் போனேன். காற்றடித்து நிறுத்துகிற பெரிய வளைவு ஒன்று வைத்திருந்தார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு. ஓட்டம் கிளம்பின கொஞ்ச நேரத்தில் ஆசிஃபா வந்தாள். கறுப்பு புர்கா. பின்னால் தௌஃபீக் தூக்கக் கலக்கத்தோடு.

“வந்தியாம்மா” என்றேன்.

“சும்மா பாக்கலாம்னு வந்தங்க மாமா” என்றாள். ஆனால் கோட்டுக்கு நேராகப் போய் நின்றுகொண்டாள்.

முதலில் பையன்கள் வந்தார்கள். பிறகு பெண் பிள்ளைகள், பிறகு தலை நரைத்தவர்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வயசான டீச்சரம்மா வந்தார். அவரைப் பார்த்து ஆசிஃபா சிரித்தாள். “கெழவி முந்திட்டாங்க மாமா, படத்துல மாதிரியே” என்றாள். அவள் சிரித்துப் பார்த்து ஒரு வருடம். அல்லாஹ்வே, இந்த ஒன்றைக் கொடு என்று கேட்டுக்கொண்டேன்.

கூட்டம் பொங்கல் சாப்பிடப் போனது. வழியில் கொடி பிடித்து நின்ற பையன்களும் திரும்பி வந்து பொங்கலுக்கு வரிசையில் நின்றார்கள். இரண்டு ஆட்கள் வளைவுக்குப் பக்கத்தில் போய் மோட்டாரை நிறுத்தப் பார்த்தார்கள். ஆசிஃபா அவர்களிடம் போனாள்.

“அண்ணே, கழட்டாதீங்க. இன்னும் ஒருத்தர் வரணும்.”

“எல்லாரும் வந்தாச்சும்மா.”

“இல்லண்ணே. கடசி ஆளு வந்துகினு இருக்காரு.”

அவர்கள் சரி என்று விட்டார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, “ஒக்காரும்மா” என்று போட்டார்கள். அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

அப்போது எட்டு மணி ஜெனரல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது.

ஆசிஃபாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை ஊதி அணைத்தது போல இருந்தது.

“இனிமே வர மாட்டாருங்க மாமா.”

“இன்னாம்மா பேசற. இந்நேரம் பக்கத்துல வந்திருப்பான்.”

அப்படிச் சொன்னவள் எழுந்திருக்கவில்லை. வளைவைக் கழற்றி, காற்று முழுக்கப் போய் அது தரையில் துணியாகக் கிடக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நாற்காலிகளை அடுக்க ஆள் வந்தபோதுதான் எழுந்தாள். “வரங்க மாமா” என்றாள். பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சுரங்கத்து கேட்டில் நடந்ததைக் கலியமூர்த்தி அவன் கண்ணால் பார்த்துச் சொன்னான், அதற்கு முந்தினது ஜியா சொல்லித் தெரிந்தது. அவனுக்கு அன்றைக்கு டியூட்டி. பாதித் தூரத்திலிருந்தே ஜியா தனி ஆளாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. வேர்வை கண்ணில் இறங்குகிறது. ரவுண்டானாவில் வலது கைப் பக்கம் திரும்பினால் ஸ்டேடியம். நேராகப் போனால் சுரங்கம். அங்கே வந்தபோது சங்கு ஊதியிருக்கிறது. தலையை நிமிர்த்திப் பார்த்தால், நேர் ரோட்டில் ஆட்கள் ஓடுகிறார்கள். ஒரு கும்பலே ஓடுகிறது.

பந்தயக்காரர்களைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தான் ஜியா.

அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு. இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக்கொண்டு ஓடினான். ஒருவனை முந்தினான். இன்னொருவனை முந்தினான். வாழ்க்கையில் அவன் யாரையும் முந்தியது அன்றைக்குத்தான். முந்திய ஆட்களெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து கேட்டுக்கு ஓடுகிற கான்ட்ராக்ட் ஆட்கள். ஒருவன் கையில் டிபன் கேரியர்கூட இருந்ததாம். கலியமூர்த்தி பின்னாலிருந்து, “டோசரு, டேய், ஒனக்கு இன்னிக்கி லீவுடா” என்று கத்தியிருக்கிறான். காதில் விழவில்லை. கேட் வந்தது. வரிசை வந்தது. கட்டைவிரல் தானாகப் போய் மெஷினில் உட்கார்ந்தது. மெஷினில் அவன் பேர் வந்தது. அவனைத் தள்ளிக்கொண்டே வரிசை உள்ளே போயிற்று.

உள்ளே போய் நின்ற பிறகுதான் குனிந்து நெஞ்சில் இருந்த நம்பரைப் பார்த்தானாம்.

திரும்ப ஓடி வந்தவனைக் கேட் செக்யூரிட்டி நிறுத்தினார். பதிவு ஆகிவிட்டது, அவுட் பாஸ் வேண்டும். ராஜேந்திரன் தூரத்தில் ஒரு ஷெட்டில் இருந்தான். ஜியா அங்கே ஓடினான். நம்பர் குத்திய ஆளைப் பார்த்து ராஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், “வந்தது வந்துட்ட, ஆள் கொறையுது, எறங்கு” என்றான்.

“அவுட் பாஸ் குடு.”

“விரல் வச்சிட்டு போனா பேரு கெடும்டா.”

“பேரு கெடட்டும். அவுட் பாஸ் குடு.”

கலியமூர்த்தி சொன்னான், குரல் உயரவே இல்லை, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான் என்று. ராஜேந்திரன் சிரிப்பை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

ஸ்டேடியத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். துப்புரவு ஆட்கள் பொங்கல் தொன்னைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஜியா வந்தான். ஓடித்தான் வந்தான். வளைவு இல்லை, நாற்காலி இல்லை. சுண்ணாம்புக் கோடு மட்டும் பாதி அழிந்து கிடந்தது. அதைத் தாண்டி வந்து நின்று சுற்றிப் பார்த்தான்.

“வந்தாளா மாமா?”

“வந்தா.”

“எங்க நின்னா?”

நான் இடத்தைக் காட்டினேன். அவன் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் வெகு நேரம் இருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்தார்கள். ஹபீப் முகமது தலை நிமிரவில்லை. முனவரா முந்தானையை வாயில் வைத்திருந்தாள். ஜமாத் தலைவர், கடைசியாக ஏதாவது பேச வேண்டுமானால் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

ஆசிஃபா கேட்டாள். “ஏன் மச்சான் வரல?”

மயங்கி விழுந்துவிட்டேன் என்று சொல் என்று நான் அவனுக்கு முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் உள்ளதைச் சொன்னான். கேட், கும்பல், டிபன் கேரியர், மெஷின் எல்லாம். “முந்திகினு இருக்கேன்னு நெனச்சேன் புள்ள. ஒனக்கு அத சொல்லணும்னு நெனச்சிகினே ஓடனேன்.”

ஆசிஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கு உள்ளேயிருந்து கேட்ட அதே சிரிப்பு. ஜமாத்தாரில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஜியாவும் சிரித்தான். ஒரு நிமிடம் நான் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க பொய் சொல்லியிருந்தா வந்திருப்பேன் மச்சான். வுழுந்துட்டாரு, பாவம்னு வந்திருப்பேன். ஒங்க கால் எங்க போவும்னு இப்ப தெரிஞ்சிபோச்சே. தெரிஞ்சிகினு எப்பிடி நான் நாற்காலி போட்டு ஒக்காருவேன்?”

அந்த நேரம் பார்த்து இரண்டு மணிச் சங்கு ஊதியது. பள்ளிவாசல் வரைக்கும் நன்றாகக் கேட்கும் அது. முனவரா மகனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எல்லோருடைய கண்ணும் அவன் காலுக்குத்தான் போயிற்று. இரண்டு காலையும் பாயில் அழுத்தி வைத்துக்கொண்டு, முழங்கால் மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். சங்கு ஊதி முடிகிற வரைக்கும் விரல்கூட அசையவில்லை.

ஆசிஃபா அதைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். பிறகு புர்காவைச் சரி செய்துகொண்டு தலைவர் பக்கம் திரும்பினாள்.

ஜியா சரி என்று சொன்னான். ஒரே தடவையில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

சனிக்கிழமை அவன் வேலைக்குப் போனான்.